வெட்டின வயல்

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ வகுப்பு எடுத்த காலத்தில் விட்டுப்போன கணிதக் கொப்பி ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. அதன் வெறுந்தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். சதுரக் கோட்டுத் தாளுக்குள் என் எழுத்து அடங்கவில்லை, பொறுத்துக்கொள். உன் கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. பந்தலுக்கு ஆள் சொல்லியாயிற்று. செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக முடிகின்றன, இந்த ஒன்றைத் தவிர. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் உனக்கு எடுத்தேன். "சொல்லுங்கோ அப்பா" என்றாய். ஒரு தரம் உனக்குச் சாப்பாடு ஒழுங்கோ என்று கேட்டேன், மற்றத் தரம் மழையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு தரமும் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். அறுபது வயதுக்கு மேல் மறைத்துக்கொண்டு திரிவதும் உடம்புக்கு ஒரு வேலைதான். களைப்பாக இருக்கிறது.

உன் தலைமயிரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகத்தைச் சுளிக்காதே. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் நேருக்கு நேர் இருந்து கதைத்ததில்லை. உன் அம்மா எண்ணெய் காய்ச்சினாள், நான் வயலுக்குப் போனேன். நம் வீட்டில் அது அப்படித்தான் நடந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமாவின் தலையைக் காட்டி, "இது தாய்மாமன்ர வழி" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவன் நான். நாள் முழுவதும் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு அதைச் சொன்னேன். உண்மை என்னவென்றால் எனக்கு இருபத்து நாலு வயதிலேயே முன்பக்கம் கொட்டிவிட்டது. கண்டாவளையில் என் அப்பாவின் காணியில் நின்று வேலை செய்த காலம் அது. கூட்டாளிகள் "மொட்டையர்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். உன் அம்மாவைக் கலியாணம் பேசி வந்தபோது என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னாலும் தலைப்பாகையோடுதான் நின்றேன், வயலிலிருந்து நேரே வந்தவன் மாதிரி. கலியாணத்தன்று அது இன்னும் சுலபம், மாப்பிள்ளைத் தலைப்பாகையை யாரும் கழற்றச் சொல்வதில்லை. அடுத்த நாள் காலையில் கிணற்றடியில்தான் உன் அம்மா என் தலையைக் கண்டாள். வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெத்தி பெருசு எண்டு சொன்னவை. இவ்வளவு பெருசு எண்டு சொல்லேல்லை" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து நான் பேச்சு வந்த நாளிலிருந்து கலியாணம் வரை எட்டு மாதம் வெயிலிலும் வேர்வையிலும் தலையைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஊரார் கேலி செய்வது நிற்கவில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் வாய் திறக்க முதல் நானே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிடுவேன். முந்திச் சிரித்தால் நோகாது என்று நினைத்தேன். நாளடைவில் நான் பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தேன். சபையில் எனக்கு இடம் விட்டார்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது உனக்குப் பதினாலு வயது. நினைவிருக்கும். குளிக்கத் தண்ணீர் இல்லை, எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் பேன். பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி நானே உன் தலையை ஒட்ட வெட்டினேன். எனக்கு வெட்டத் தெரியாது, அங்கங்கே மேடும் பள்ளமுமாக வந்தது. நீ அழவில்லை. வெட்டின மயிரைக் காலால் தள்ளிக்கொண்டு, "வளருமோ அப்பா?" என்று கேட்டாய். "வளரும்" என்றேன். அந்த இடத்தில் நான் உனக்குக் கொடுத்த வாக்குகளில் நடந்தது அது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பியபோது உன் தலை காடு மாதிரி இருந்தது. அம்மா சீப்பை வைத்தால் சிக்கிக்கொள்ளும்.

நீ பல்கலைக்கழகம் முடித்து வந்து, வேலை கிடைக்கும்வரை என்று புதுக்குடியிருப்பில் வகுப்புத் தொடங்கிய அந்த வருடம் கிணற்றுக் கட்டில் மயிர் கிடக்கத் தொடங்கியது. முதலில் உன் அம்மாவுடையது என்று நினைத்தேன். பிறகு அவள்தான் காட்டினாள், கட்டையாக இருக்கிறது பாருங்கோ என்று. வெந்தயம், கரிசலாங்கண்ணி, செம்பரத்தம்பூ என்று அவள் காய்ச்சாத எண்ணெய் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று வெங்காயச் சாறும் தேய்த்தாய். அந்த மணத்தோடு வகுப்புக்குப் போக முடியாமல் விடியவே எழும்பி இரண்டு தரம் தலை தோய்ந்தாய். ஹெல்மெட் போடுவதால் என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றார்கள். நானும் என் பங்குக்கு, "போன வருசம் காய்ச்சல் வந்ததெல்லே, அதாலைதான். வளரும்" என்றேன். நீ கேட்காமலே சொன்னேன். வளராது என்று எனக்குத் தெரியும். என் தலை எனக்குத் தெரியாதா?

அந்த வகுப்பைப் பற்றி உனக்கு ஒன்று தெரியாது. தகரக் கொட்டிலில் நீ படிப்பிக்கும்போது நான் வீதியில் சைக்கிளை நிறுத்திச் சங்கிலி கழன்றவன் மாதிரிக் குனிந்துகொண்டு நிற்பேன். உன் குரல் வெளியே கேட்கும். ஒரு கணக்கை ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் நீ சத்தம் போட மாட்டாய், முதலில் இருந்து வேறு விதமாகத் தொடங்குவாய். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன். என்னிடமிருந்து இல்லை. ஒட்டுசுட்டானில் இருந்தும் பிள்ளைகள் பஸ் எடுத்து வந்தார்கள். சந்தையில் எனக்குத் தெரியாத ஆட்கள், "மாஸ்டரின்ர அப்பாவோ?" என்று கேட்டார்கள். என்னை யாரும் மொட்டையர் என்று சொல்லாத ஒரு காலம் என் வாழ்க்கையில் வந்தது என்றால் அது அந்த இரண்டு வருடம்தான்.

பெரும்போக அறுவடை முடிந்திருந்த நேரம். சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். நீ மோட்டார் சைக்கிளில் வந்து கடைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு போனாய். எங்களை நீ காணவில்லை. எங்களுக்குள் ஒருவர் சொன்னார்: "என்ன அண்ணை, உங்கட மகனுக்கு என்னிலும் வயசு கூடப்போல கிடக்கு." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள், பகிடிக்காரன் அல்லவா. நான் யோசிக்கவே இல்லை. "அது வெட்டின வயல். இனி அடுத்த போகத்துக்குத்தான். அதுவும் மழை பெய்தால்" என்றேன்.

கடையே சிரித்தது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். கடைசி வாங்குப் பலகையில் உன் வகுப்புப் பெடியள் இரண்டு பேர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், சிரித்ததையும் கண்டேன். கண்டுவிட்டு இன்னொரு தேத்தண்ணி சொன்னேன்.

ஆம் தம்பி. அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான்தான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு நீ குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாய், பின் வாங்கில் ஆரோ வெட்டின வயல், வெட்டின வயல் என்று முணுமுணுக்கிறாங்கள் என்று. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஆர் தொடங்கினதோ தெரியேல்லை" என்றாய். அப்போது என்னைப் பார்த்தாய். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. அப்பா ஏதும் சொல்லுவார் என்று பார்த்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, "பெடியள் அப்பிடித்தான், காதிலை விழுத்தாத" என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என்னோடு ஒரு மாதம் கோபித்திருப்பாய், அவ்வளவுதான். ஊரெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்திருக்க மாட்டாய். அப்பனுக்கு வாய் நீளம் என்று மட்டும் நினைத்திருப்பாய்.

பிறகு கரும்பலகையில் படம். நீ எங்களுக்குச் சொல்லவில்லை, வேறு பிள்ளைகளின் தாய்மார் சொல்லித்தான் தெரியும். ஒரு வட்ட முகம், தலைக்கு மேலே வரப்புக் கீறி, நடுவில் குருவி விரட்டுகிற வெருளி ஒன்று. நீ அதை அழித்துவிட்டுப் பாடத்தை முழுவதும் நடத்தியிருக்கிறாய். அந்த மாதக் கடைசியோடு வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்தாய். வவுனியாவில் ஹாட்வெயார் கடையொன்றின் களஞ்சியத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். கணிதம் படித்தவன் சீமெந்து மூடை எண்ணுவதோ என்று அம்மா அழுதாள். "அங்கை ஆக்கள் குறைவு அம்மா, தொப்பி போட்டுக்கொண்டு நிக்கலாம்" என்றாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் உன் பையை மோட்டார் சைக்கிளில் கட்டினேன். கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டினேன்.

போன வருடம் நான் உன்னைப் பார்க்க வவுனியாவுக்கு வந்த நாளையும் எழுத வேண்டும். அறைக்குள்ளும் தொப்பியோடு இருந்தாய். காதுக்கு மேலே தோல் உரிந்து சிவந்திருந்தது. "என்னடா இது?" என்றேன். போனில் விளம்பரம் பார்த்து எடுப்பித்த மருந்து என்றாய், மூன்று நாளில் கொப்பளித்துவிட்டது என்றாய். நான் ஏசவில்லை. அன்றைக்கே இருவரும் தோல் வைத்தியரிடம் போனோம். வைத்தியர் ஒரு பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். அவா பார்த்துவிட்டு, "வீட்டிலை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று கேட்டா. நீ நிலத்தைப் பார்த்தாய். நான் துவாயை அவிழ்த்தேன். "எனக்கு" என்றேன். உனக்கு முன்னால் அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். இருக்கிற மயிரைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் வளரவும் கூடும், ஆனால் விட்டால் பழையபடி கொட்டும், போட விருப்பம் இல்லாவிட்டால் ஒட்ட வெட்டிக்கொண்டு இருப்பதும் ஒரு வைத்தியம்தான் என்று அவா சொன்னா. எங்கள் இருவரையும் பார்த்து ஒருவர் இப்படிச் சாதாரணமாக அதைப் பற்றிக் கதைத்தது எனக்குப் புதுமையாக இருந்தது. பஸ் நிலையத்தில் நீ எனக்குச் சோடா வாங்கித் தந்தாய். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன், அதுதான் உண்மை.

பிறகு மேனகாவைப் பேசி வந்தது. படம் கேட்டபோது உன் பட்டமளிப்புப் படத்தைக் கொடுக்கலாம் என்று அம்மா எடுத்து வைத்திருந்தாள். நான் வேண்டாம் என்றேன். இப்ப இருக்கிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லு என்றேன். நீ தொப்பியோடு எடுத்து அனுப்பினாய். கண்டாவளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோதும் தொப்பியோடு இருந்தாய். அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "தொப்பியைக் கழட்டுங்கோ, சரியான வெக்கை" என்று சொன்னதையும், நீ கழற்றி மடியில் வைத்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாலர் வகுப்பில் நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு நிற்கிறவள். அவள் கண் உன் முகத்தைவிட்டு மேலே போகவில்லை. போக வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. இதற்குமேல் அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வியாழக்கிழமை நம் வயலை வெட்ட மெசின் வந்தது. ஓட்டி வந்தவன் ஒரு பெடியன், இருபத்தொன்று இருபத்திரண்டு வயது. பத்து மணிக்கு இறங்கி வரப்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான்: "ஐயா, சேர் எப்பிடி இருக்கிறார்?"

"ஆர் சேர்?"

"உங்கட மகன். நான் அவரிட்டைப் படிச்சனான். கஜன். பின் வாங்கு."

அப்போதுதான் முகம் பிடிபட்டது. கடையில் ரோல்ஸ் தின்ற இரண்டு பேரில் ஒருவன்.

"போர்ட்டிலை அந்தப் படம் கீறினது நான்தான் ஐயா" என்றான்.

"ஏன் கீறினனீ?"

"சும்மா. எல்லாரும் சிரிப்பாங்கள் எண்டு." தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தான். "சேர் அடிச்சிருந்தா மறந்திருப்பன். அழிச்சுப்போட்டு, நேத்து எங்கை விட்டனாங்கள் எண்டு கேட்டார். அவர் போனாப்பிறகு எனக்குக் கணக்கு ஓடவே இல்லை. கலியாணத்துக்கு வந்து சேரிட்டை நான்தான் எண்டு சொல்லப்போறன்."

"அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது எண்டும் சொல்லுவியோ?" என்று கேட்டேன்.

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அதை ஏன் ஐயா நான் சொல்ல?" என்றான். பிறகு எழும்பி மெசினில் ஏறினான்.

தம்பி, அவன் எல்லாம் நினைவில் வைத்திருக்கிறான். என்னைக் காட்டிக் கொடுக்காமல் விடுகிறான். என் பிழையை நான் சுமக்கிறேன், உங்கள் பிழையை நீங்கள் பாருங்கோ என்கிறான். அன்று பின்னேரம் வரை நான் வரப்பில் இருந்து எழும்பவில்லை. நெல் மூடையைப் பார்க்கக்கூடப் போகவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: இவன் சொல்லாவிட்டாலும் மற்றவன் சொல்லிவிடுவானோ என்ற பயமும் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. வெட்கம் பாதி, பயம் பாதி. நான் பெரிதாக மனம் திருந்தி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் எழுதுகிற கடிதம், இரண்டு மூன்று சொல்லாமல் முடியாது. வைத்தியர் தந்த மருந்து போட விருப்பம் என்றால் போடு, அதில் வெட்கம் இல்லை. அலுத்துப்போனால் விடு, அதிலும் இல்லை. மேனகா கேட்டால் எல்லாவற்றையும் சொல்லு, கொப்பளித்ததையும் சொல்லு. என்னைப் போலக் கிணற்றடிவரை கொண்டுபோகாதே. போனில் வருகிற விளம்பரத்தை நம்பாதே. இவையெல்லாம் சின்ன விசயம். பெரியது ஒன்றுதான். மற்றவர்கள் சிரிக்க முதல் நீயே உன்னைச் சிரிப்புக்குக் கொடுக்காதே. அது என்னோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வாய் பழகிவிட்டால் பிறகு அது ஆள் பார்ப்பதில்லை, பெற்ற பிள்ளையையும் எடுத்துக் கொடுத்துவிடும். திரும்ப வந்து படிப்பி என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்தக் கொட்டில் இப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நீ எடுக்கும் முடிவு உன்னுடையது.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் இது தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை நிலத்தில் வைத்தாள். "நான் மூண்டு வருசமா அந்தப் பெடியளின்ர தாய்மாரோடை கதைக்கிறேல்லை" என்றாள். பிறகு, "இதைத் தபாலிலை போட்டுட்டு நீங்கள் வீட்டிலை ஒளிச்சிருக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

"வேறை என்ன செய்ய?"

"கொண்டுபோய்க் கையிலை குடுங்கோ."

"அவன் வாசிக்கேக்கை நான் எங்கை நிக்கிறது?"

"அங்கைதான்" என்றாள்.

ஆகவே திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் கையில் இதைத் தந்துவிட்டு நீ வேலை செய்யும் கடைக்கு எதிர்ப்பக்கம், அந்த வாகைமரத்துக்குக் கீழே நிற்பேன். நீ இந்த வரியை வாசிக்கும்போது தலையை நிமிர்த்தினால் என்னைக் காணலாம். கூப்பிட்டால் வருவேன். ஏச வேண்டும் என்றால் ஏசு, முதலாளி கேட்டாலும் பரவாயில்லை. கூப்பிட மனம் வராவிட்டால் இரண்டரை பஸ்ஸில் திரும்பிப் போவேன். அதற்காக நான் கோபிக்க மாட்டேன், அம்மாவிடமும் குறை சொல்ல மாட்டேன். கலியாணத்தன்று உனக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்பேன். வேண்டாம் என்றால் சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொள்வேன், அங்கேயும் ஒரு ஆள் தேவைதான்.

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே. ஆறுதலாக வாசி. நான் நிற்கிறேன்.

அப்பா